நடுக் கடிகாரம்

நீச்சல் போட்டியில் ஒரு தடத்திற்கு மூன்று பேர் கடிகாரம் பிடிக்க வேண்டும் என்பது பழைய விதி. தொட்டவுடன் தானே நேரத்தைக் காட்டும் தகடுகள் சுவரில் வருவதற்கு முன் நாங்கள் அப்படித்தான் நேரம் எடுத்தோம். மூன்றில் இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால், மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒதுக்கப்பட்டவை பொய் என்று பொருள் இல்லை. ஒருவருடைய கட்டைவிரல் சற்று முந்தியிருக்கும். இன்னொருவருடையது சற்றுப் பிந்தியிருக்கும். ஆனால் மூன்று எண்களையும் சீட்டில் எழுதியாக வேண்டும். எழுதிய சீட்டைக் கிழிக்கக் கூடாது. அந்தப் பயிற்சி மையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தலைமை நேரக்காப்பாளராக இருந்தேன். ஒரு சீட்டையும் நான் கிழித்ததில்லை.

அவள் வந்தது ஒரு திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு. கம்பிக் கதவுக்கு வெளியே நின்றவளின் முகத்தை விடத் தோள்களைத்தான் முதலில் அடையாளம் கண்டேன். சிறு வயதில் தண்ணீரில் வளர்ந்த தோள்கள் பிறகு எந்த உடைக்குள்ளும் அடங்குவதில்லை.

"டைம் மேடம், என்னைத் தெரியுதா?"

"தவளை," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் சிரித்தாள். "என் புருஷனுக்கே அந்தப் பேரு தெரியாது மேடம். தெரிஞ்சா மழை பெய்யுற அன்னைக்கெல்லாம் என்னைக் கத்தச் சொல்லுவாரு."

தவளை நீச்சலில் அவளை மிஞ்ச அந்த வயதில் யாரும் இல்லை. அதனால் குளத்தில் வைத்த பெயர் அது. இப்போது முப்பத்தாறு வயது இருக்க வேண்டும். உள்ளே வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாளே தவிர, குடிக்கவில்லை.

"வியாழக்கிழமை விசாரணை. கோச்சைப் பத்தி. நானும் சாட்சி சொல்றேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

விளையாட்டுத் துறை ஓர் அதிகாரியை நியமித்திருப்பதாகச் செய்தித்தாளில் படித்திருந்தேன். படித்த பக்கத்தை மடித்து மேசையின் ஓரத்தில் வைத்திருந்தேன். அது இன்னும் அங்கேயே இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

"உனக்கு ஒன்னும் நடக்கலைன்னுதானே அப்போ சொன்னே?"

"எனக்குத்தான் மேடம் முதல்ல நடந்துச்சு. என்கூட நீந்தின மல்லாக்கு இருந்தாளே, அவளுக்கு முன்னாடியே. ரெண்டு வருஷம்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நகல்தான், ஆனாலும் என் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? 'எனக்கு எதுவும் நடக்கவில்லை. பயிற்சியாளர் என்னிடம் நல்லபடியாகவே நடந்துகொள்கிறார்.' கீழே பதினான்கு வயதுப் பெண்ணின் முழுப்பெயர், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக.

"மையத்து ஃபைல்ல இதுவும், கோச் அடிப்பாருன்னு இன்னொருத்தி சொன்னதும்தான் இருக்காம். தப்பா நடந்தாருன்னு யாரும் புகாரே கொடுக்கலையாம். அவரோட வக்கீல் இதை வச்சுத்தான் என் வாயை அடைக்கப்போறாரு. 'அன்னைக்கு இல்லைன்னு சொன்ன, இன்னைக்கு உண்டுன்னு சொல்ற, எது பொய்?'னு கேப்பாரு. என் கையாலேயே என் கண்ணைக் குத்துறாங்க மேடம்." தம்ளரைக் கீழே வைத்தாள். "மல்லாக்கு சொன்னதை நீங்க எழுதி எடுத்தீங்களாம். அவ கையெழுத்தும் போட்டாளாம். அது இருந்தா, இவங்களுக்கு அப்பவே தெரியும்னு ஆயிடும். நான் இப்போ கதை கட்டலைன்னு ஆயிடும்."

"யார் சொன்னது?"

"அவங்க அம்மா." தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "மல்லாக்கு போயிட்டா மேடம். போன வருஷம். உடம்புக்கு முடியாம இருந்தா. எனக்கே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும்."

நான் எழுந்து சன்னலைச் சாத்தினேன். அப்படிச் சாத்துவதற்குக் காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மல்லாக்கின் தாய் மையத்திற்கு ஒரு கடிதம் எழுதினாள். அதை விசாரிக்க மூவர் குழு அமைத்தார்கள்: மையத்தின் செயலாளர், மையத்தின் மருத்துவர், நான். பெண் ஒருத்தி இருந்தாக வேண்டும் என்பதற்காக என்னைச் சேர்த்தார்கள். செயலாளர் என் உடன்பிறந்த தம்பி.

கோப்பைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்தோம். அந்தப் பயிற்சியாளரின் சிறப்புப் பிரிவில் இருந்த பெண்கள் மூவரை ஒவ்வொருவராக அழைத்தோம். பயிற்சியாளர் வெளியே, கதவுக்கு எதிரே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் உடனே வர வசதியாக இருக்கும் என்று தம்பிதான் அங்கே உட்காரச் சொல்லியிருந்தான். எங்களில் ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. அவர் மூன்று பதக்கங்களை மையத்திற்குக் கொண்டுவந்தவர். குழந்தைகளின் பிறந்தநாளையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர்.

மல்லாக்கு என்பது மல்லாந்து நீந்துபவளுக்குக் குளம் வைத்த பெயர். மல்லாந்து நீந்துகிறவர்களுக்குத் தடம் தெரியாது, கூரைதான் தெரியும். கூரையின் உத்தரங்களைப் பார்த்துத்தான் நேராகப் போவார்கள்; சுவருக்குச் சற்று முன் குறுக்கே கட்டிய கொடி வரிசையைக் கடந்ததும் கைவீச்சை எண்ணிச் சுவரைத் தொடுவார்கள். எனவே அவர்கள் எந்த அறைக்குள் போனாலும் முதலில் மேலே பார்ப்பார்கள். அது ஒரு பழக்கம்.

முதலுதவி அறையில் நடந்ததை அவள் அப்படித்தான் சொன்னாள். கால்வலிக்கு மருந்து தேய்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் அழைத்துப்போவார். வலி இல்லை என்றாலும் விடமாட்டார். கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் கூரையைப் பற்றியது. கூரையில் பதினெட்டுப் பலகைகள். ஏழாவது பலகையில் ஈரக் கறை, ஒற்றைச் செருப்பு மாதிரி. பதினெட்டையும் எண்ணி முடித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். ஒருமுறை பதினோரு தடவை எண்ணியிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை. கோப்பை அறையின் கூரையைப் பார்த்தாள்.

தவளை ஒன்றுமே நடக்கவில்லை என்றாள். மூன்றாமவளைக் குட்டை என்று கூப்பிடுவோம். அவள், பயிற்சியாளர் மிதவைப் பலகையால் முதுகில் அடிப்பார் என்றும், எடை கூடினால் எல்லோர் முன்னாலும் எடைக்கருவி மேல் நிற்கவைப்பார் என்றும் சொன்னாள்.

நான் மூன்றையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர்கள் கையெழுத்திட்டார்கள். கீழே நாங்கள் மூவரும் கையெழுத்திட்டோம்.

"மூணும் மூணு மாதிரி இருக்கே," என்றார் மருத்துவர்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "டைம் கீப்பரைக் கேப்போம். உங்க முறைப்படி பார்த்தா எது வரும்க்கா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். நான்தான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நடுவுல இருக்கறது," என்றேன்.

எழுந்து போயிருக்க வேண்டும். அல்லது சிரித்திருக்கவாவது வேண்டும். சிரித்திருந்தால் அது ஒரு கேலியாகவே முடிந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. மருத்துவருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கு முறையாகப் பட்டது. மூன்று கடிகாரங்களும் ஒரே தடத்தைப் பார்க்கின்றன. அந்த மூன்று சிறுமிகளும் ஒரே அறையில் இருக்கவில்லை. இந்த எளிய வித்தியாசம் என் மூளைக்கு அன்று எட்டவில்லை. 'பயிற்சியாளர் கண்டிப்பில் சற்று நிதானம் காட்டுவது நலம்' என்று அறிக்கை எழுதினோம்.

அன்று மாலை தம்பி மல்லாக்கின் தாளை என்னிடம் தந்தான். "இதைக் கிழிச்சிடுக்கா. வெளியே போனா அந்தப் பொண்ணு பேருதான் கெடும்." சரி என்று வாங்கிக்கொண்டேன். அந்த ஆண்டின் நேரச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்து ரப்பர் வளையம் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து முதலுதவி அறையைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். நிலைப்படியில் நின்று மேலே பார்த்தேன். பலகைகளை எண்ணினேன். பதினெட்டு. ஏழாவதில் கறை இருந்தது. நின்றபடி பார்த்தபோது அது எதைப் போலவும் இல்லை. நடுவிலிருந்த மேசையருகே போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். செருப்பு.

அறிக்கை முந்தின நாளே மேலிடத்திற்குப் போயிருந்தது. அது எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து வட்டாரப் போட்டி. மல்லாக்கு நான்காம் தடத்தில். அன்று ஆள் குறைவு என்பதால் நானும் கடிகாரம் பிடித்தேன். ஊதல் ஒலித்தது, கட்டைவிரலை அழுத்தினேன். நன்றாகத்தான் நீந்தினாள். குளத்தின் நடுவில் கைகள் நின்றன. மூழ்கவில்லை, மல்லாந்தபடியே மிதந்தாள். மற்ற ஏழு பேரும் சுவரைத் தொட்டு, மூச்சு வாங்கி, திரும்பிப் பார்த்தார்கள். பார்வையாளர்கள் முதலில் கத்தினார்கள், பிறகு ஓய்ந்தார்கள். என் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தொடாதவளுக்காகக் கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. உயிர்காப்பாளர் இறங்கி அவளை இழுத்துவரும் வரை அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்பது அந்த அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சீட்டில் 'முடிக்கவில்லை' என்று எழுதினேன். அடுத்த வாரம் அவள் மையத்தை விட்டுப் போனாள். அன்றிலிருந்து பயிற்சி தொடங்கும் ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். வலது கட்டைவிரல் மடங்கி, எதன் மேலோ அழுந்திக் கிடக்கும். அதை இடது கையால் பிரித்து விடுவேன். சில நாட்களில் ஈரக் காலடி கூடத்திலிருந்து என் அறைக் கதவு வரை வரும், உள்ளே வராது. எழுந்து விளக்கைப் போட்டால் தரை காய்ந்திருக்கும். நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

"இருக்கா மேடம்?" என்று தவளை கேட்டாள்.

"தேடிப் பார்க்கறேன்."

அது பொய். எந்தப் பெட்டி, எத்தனையாவது கட்டு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். குளத்தில் என் ஒழுங்கைப் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் தலையசைத்து, விசாரணை நடக்கும் இடத்தை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "நான் அவசரப்படுத்தலை மேடம். ஆனா வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல அது கிடைச்சா எனக்குப் பிரயோசனம் இல்லை."

தம்பி மாடியில் குடியிருக்கிறான். அவள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள், அதற்குள் படியில் அவன் காலடி கேட்டது.

"யாரு அக்கா வந்துட்டுப் போறது? தவளையா?"

"தெரிஞ்சுகிட்டே கேக்காதே."

"அந்தக் காகிதம் இன்னும் வச்சிருக்கியா?" என் கண் பெட்டிப் பக்கம் போனதைப் பார்த்து நாற்காலியில் சரிந்தான். "அதானே. பழைய பால் பாக்கெட்டைக்கூடக் கழுவிக் காயவச்சு எடுத்து வைக்கிற ஆளு. இதையா கிழிச்சிருக்கப் போறே."

"கேட்டா கொடுக்கணும்."

"எதுக்கு? செத்தவ திரும்பி வரப்போறாளா?" அவனுக்கு மல்லாக்கின் மரணம் முன்பே தெரிந்திருக்கிறது. "அதுல கீழே யார் யார் கையெழுத்து இருக்கு, யோசிச்சியா? டாக்டர் போய்ச் சேர்ந்துட்டாரு. மிச்சம் நீயும் நானும்தான். எழுபத்தொரு வயசுல என்னைக் கூண்டுல ஏத்தப்போறே. உன் தம்பி பொண்டாட்டி நாளைக்குத் தெருவுல தலை காட்ட வேண்டாமா?"

"அவளை ஏன் இழுக்கறே?"

"பின்னே யாரை இழுக்கறது? உனக்கென்ன, ஒண்டிக்கட்டை. குத்திட்டுக் கதவைச் சாத்திக்குவே." பிறகு குரலைத் தணித்தான். சிறு வயதிலிருந்தே அவன் தணிந்து பேசும்போதுதான் நான் விட்டுக்கொடுப்பேன். அது அவனுக்குத் தெரியும். "அக்கா. அந்த ஆளுக்கும் வயசாயிடுச்சு. முன்ன மாதிரி பெரிய பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுக்கறதில்லை. சின்னதுங்களைத்தான் பார்த்துக்கறாரு. அவரால இனி யாருக்கு என்ன?"

"சின்னதுன்னா எத்தனை வயசு?"

"எட்டு, பத்து..." என்றவன் நிறுத்தினான்.

மாடியில் அவன் மனைவி பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது.

"தம்பி, நான் அப்போ அந்த முதலுதவி அறைக்குப் போனேன். உங்கிட்டே சொல்லலை. அவ சொன்னபடியே இருந்துச்சு."

அவன் தரையைப் பார்த்தான். "பதினெட்டு," என்றான்.

"நீயும் எண்ணினியா?"

"விசாரணை முடிஞ்ச அன்னைக்கே. நீ வீட்டுக்குப் போனதும்." கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். "அடுத்த வாரம் கூரைக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். கறை வெளியே தெரியக் கூடாதுன்னு ரெண்டு கோட்டிங்."

ஒரே வீட்டில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே எண்ணை இருபத்திரண்டு ஆண்டுகள் வைத்திருந்தோம். அவன் கையை நீட்டினான்.

"கொடு. நான் பார்த்துக்கறேன்."

அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். சாலையைக் கடக்கும்போது ஏழு வயதுவரை நான் பிடித்துக்கொண்டு போன கை. அதில் இப்போது நரம்புகள் எழும்பியிருந்தன.

"கொடுக்க மாட்டேன்டா," என்றேன்.

அவன் கோபிப்பான் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. எழுந்து, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேலே போனான். அதற்குப் பின் மூன்று நாள் மாடியிலிருந்து ஒருவரும் கீழே வரவில்லை. வியாழக்கிழமை காலையில் நான் கதவைப் பூட்டும்போது மாடிச் சன்னலில் அவன் நின்றுகொண்டிருந்தான். நான் தலை நிமிர்ந்து பார்த்ததும் திரையை இழுத்துவிட்டான்.

விசாரணை ஓர் அரசு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீண்ட மேசை; ஒரு பெண் அதிகாரி; பதிவு செய்ய ஒரு தட்டச்சர்; பயிற்சியாளரின் வழக்கறிஞர். பயிற்சியாளர் வரவில்லை, உடல்நலமில்லை என்று சான்றிதழ் அனுப்பியிருந்தார். சுவரோரம் தவளை தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். என் கையிலிருந்த உறையைக் கண்டதும் மறுபடி உட்கார்ந்தாள்.

தாள் அதிகாரியின் கைக்குப் போய், வழக்கறிஞரின் கைக்குப் போய், என்னிடம் திரும்பி வந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான்."

"சொன்னதை அப்படியே எழுதினீங்களா, சுருக்கி எழுதினீங்களா?"

"அப்படியே. ஒரு வார்த்தை விடலை."

வழக்கறிஞர் இருமினார். "இருபத்திரண்டு வருஷமா பூட்டி வச்சிருந்துட்டு இப்போ எடுத்துட்டு வர்றாங்க, மேடம். எந்த நோக்கத்துலன்னு கேக்கணும்."

"நீங்க கேக்கும்போது கேளுங்க," என்றார் அதிகாரி. என்னிடம் திரும்பினார். "பதிவுக்காகச் சத்தமா வாசிச்சிடுங்க."

வாசித்தேன். அறை, தாழ்ப்பாள், பலகைகள். என் குரல் நடுங்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் ஒலிபெருக்கியில் நேரங்களை அறிவித்த குரல் அது. எதையும் ஒரே சீராகச் சொல்லப் பழகியது. அது எனக்கே அருவருப்பாக இருந்தது. தட்டச்சரின் விரல்கள் என் பின்னாலேயே வந்தன. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் நின்றேன்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒரு வரி இருக்கு."

"வாசிங்க."

அவள் பேசி முடித்துக் கையெழுத்திடுவதற்கு முன், என் பக்கம் குனிந்து, மற்ற இருவருக்கும் கேட்காதபடி கேட்டது அது. வந்த சொல்லையெல்லாம் எழுதும் பழக்கத்தில் அதையும் எழுதியிருந்தேன்.

"'டைம் மேடம், நீங்களாவது நம்புறீங்களா?'"

தட்டச்சு ஓசை நின்றது.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று அதிகாரி கேட்டார். "பதில் இதுல இல்லையே."

"பதில் சொல்லலை. சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்."

"பிறகு?"

"கதவைத் திறந்து, அவளை வெளியே அனுப்பினேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்."

"அடுத்த பிள்ளை யாரு?"

நான் சொல்வதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "நான்தான்." தவளை எழுந்து நின்றாள். வழக்கறிஞர் ஏதோ ஆட்சேபம் சொல்ல வாயெடுத்தார், அதிகாரி கையமர்த்தினார்.

"நான் வாசல்லதான் நின்னேன்," என்றாள் தவளை. "அவ வெளியே வந்தா. நான் என்ன ஆச்சுன்னு கேட்டேன். அவ ஒன்னும் சொல்லலை. எதிர்ல பெஞ்சுல கோச் உக்காந்து எங்களைப் பார்த்துச் சிரிச்சாரு. நானும் எல்லாத்தையும் சொல்லணும்னுதான் வந்திருந்தேன். ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வச்சிருந்தேன்."

"அப்புறம் ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"அவ மூஞ்சியைப் பார்த்தேன்," என்றாள். "உள்ளே யாரும் நம்பலைன்னு தெரிஞ்சுது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தே சொன்னாள். அதிகாரி தட்டச்சரிடம் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.